ஊதிக் காட்டும் உடல்: ஒரு துண்டறிக்கையை முன்வைத்து

தருமபுரியில் ஓட்டுநர் சங்கத் தோழர்கள் சிலர் ஒரு துண்டறிக்கையைக் கொண்டுவந்து பிழைதிருத்தித் தரச் சொன்னார்கள். தமிழில் எம்.ஏ. படித்தவனுக்கு ஊரில் கிடைக்கிற மரியாதை இதுதான்: கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, துண்டறிக்கை. ஒற்று மிகும் இடம், மிகா இடம் பார்த்துக் கொடுத்துவிட்டு டீயைக் குடித்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அதில் ஒரு சொல் என்னை நகரவிடவில்லை. 'மது அருந்தியதாகப் பொய்க் குற்றம் சாட்டி' ஓட்டுநர் ஒருவரை வேலையைவிட்டு நிறுத்தியதைக் கண்டிக்கிற அறிக்கை அது. இலக்கணப்படி அந்தத் தொடரில் பிழை எதுவும் இல்லை. 'பொய்'க்குப் பின்னால் வல்லினம் மிகத்தான் வேண்டும். ஆனால் அந்த ஓட்டுநர் என் மாமா, அம்மாவோடு பிறந்தவர். அவர் குடித்திருந்தார்.

"நைட்டு ஒரு கோட்டரு போட்டேன் மாப்ளே, இல்லேன்னு சொல்லல. வெடியக்காலம் நாலு மணிக்கு கேட்டுல ஊதுன்னாங்க, ஊதுனேன். செவப்பு லைட்டு எரிஞ்சிது. சாவிய வாங்கிக்கிட்டாங்க. அவ்வளவுதான்."

இந்த 'அவ்வளவுதான்' என்பதை அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடக் கூடாது என்று தோன்றியதால்தான் இந்தக் கட்டுரை.

மாமா ஒரு ஒப்பந்தக்காரரிடம் பேருந்து ஓட்டினார். ஒசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு இங்கிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டு, மறுபடி கொண்டுவந்து இறக்குகிற வண்டி. விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து, நான்கு மணிக்கு வண்டியை எடுத்து, ஆறு மணி ஷிப்டுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். நடுவில் இரண்டு நடை. சாயங்கால ஷிப்டு முடிந்து வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பி, வண்டியைக் கழுவி நிறுத்தும்போது இரவு ஒன்பது. மறுநாள் விடிகாலை மறுபடி நாலு மணி. இடையில் ஏழு மணி நேரம். அதில்தான் வீட்டுக்குப் போவது, குளிப்பது, சாப்பிடுவது, பிள்ளை முகம் பார்ப்பது, தூங்குவது எல்லாம். இரவு பத்து மணிக்குக் கடை மூடிவிடுவார்கள் என்பதால் ஒன்பதே முக்காலுக்கு வரிசையில் நின்று வாங்குவது உட்பட.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இலக்கியப் பத்திரிகையில் கணக்கா என்று கேட்பவர்கள் அடுத்த பத்திக்குத் தாவலாம், ஆனால் விஷயம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. டாஸ்மாக் கடையில் விற்கிற கோட்டர் 180 மில்லி. அதில் சாராயச் சத்து 42.8 சதவீதம், எடையில் ஏறத்தாழ 60 கிராம். அறுபது கிலோ எடையுள்ள ஆணின் இரத்தத்தில் அது 100 மில்லிக்கு 150 மில்லிகிராமை ஒட்டிப் போய் நிற்கும். உடம்பு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் அதைக் கரைக்கிறது. ஆளுக்கு ஆள் இது மாறும், சாப்பாட்டைப் பொறுத்தும் மாறும், என்றாலும் தோராயமாக இதுதான். இரவு பத்துக்குக் குடித்தவனுக்கு விடிகாலை நாலு மணிக்கு 60 அளவில் மிச்சம் இருக்கும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவு அனுமதிக்கும் உச்ச அளவு 30. தாண்டினால் முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2019 திருத்தத்துக்குப் பிறகு பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆக, கருவி பொய் சொல்லவில்லை. மாமா போதையில் தள்ளாடவில்லை, தூங்கி எழுந்துதான் வந்தார். ஆனாலும் 30-ஐத் தாண்டித்தான் இருந்தார்.

இப்போது இன்னொரு எண். அப்போது நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தின்படி ஒரு ஓட்டுநருக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை. ஓய்வு இடைவெளிகளைச் சேர்த்தும்கூட அந்த நாள் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் நீளக் கூடாது. ஒரு நாள் வேலை முடிவதற்கும் மறுநாள் வேலை தொடங்குவதற்கும் நடுவே தொடர்ச்சியாக ஒன்பது மணி நேர ஓய்வு இருக்க வேண்டும். மாமாவுக்குக் கிடைத்தது ஏழு. அவருடைய நாளின் நீளம் பதினேழு.

30 என்கிற எண்ணைப் பார்க்க வாசலில் ஒரு கருவி இருக்கிறது. 9 என்கிற எண்ணைப் பார்க்க வாசலில் எதுவும் இல்லை. இரண்டுமே சட்டத்தில் எழுதியிருக்கிற எண்கள்தாம். ஒன்று தொழிலாளியின் மீறலை அளப்பது, மற்றது முதலாளியின் மீறலை அளப்பது. முதலாவது விளக்கெரிந்து, சீட்டடித்து, கையெழுத்தாகி, கோப்பில் ஏறுகிறது. இரண்டாவதைத் தெரிந்துகொள்ள வருகைப் பதிவேட்டைப் புரட்டிக் கழித்தல் கணக்குப் போட்டாலே போதும். கருவிகூட வேண்டாம். ஆனால் புரட்டுகிற கை இல்லை.

1997-இல் 'நேச்சர்' இதழில் டாசன், ரீட் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கண்ணும், இரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் சாராயம் உள்ளவருடையதைப் போலத் தடுமாறுகின்றன என்பது அதன் முடிவு. இதை மாமாவின் நாளோடு வைத்துப் பாருங்கள். மூன்று மணிக்கு எழுந்தவர் இரவு எட்டு மணிக்கு, ஒரு சொட்டும் குடிக்காமல், வண்டி நிறைய ஆட்களோடு நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தபோதே அந்தப் பதினேழாவது மணியில் இருந்தார். சட்டத்தின் மொழியில் சொன்னால் தினமும் 'போதையில்' வண்டி ஓட்டியிருக்கிறார். தினமும் அவரை அப்படி ஓட்ட வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஊதச் சொல்லியிருந்தால் பச்சை விளக்குதான் எரிந்திருக்கும்.

நம் கூட்டங்களில் இந்த இடத்தில் யாராவது எழுந்து, 'அரசே சாயங்காலம் விற்கிறது, அரசே காலையில் ஊதச் சொல்கிறது' என்பார்கள். கைதட்டல் கிடைக்கும். முரண் உண்மையானதுதான். அதிலும் எங்கள் மாவட்டத்துக்கு அது கூடுதலாகப் பொருந்தும். சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது 1937 அக்டோபர் 1 அன்று, ராஜாஜி ஆட்சியில், சேலம் மாவட்டத்தில். தருமபுரி அப்போது சேலத்தோடு இருந்தது, தனி மாவட்டமானது 1965-இல்தான். கள்ளிலிருந்து வந்துகொண்டிருந்த வருவாய் போகவே அதை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. குடிக்காதவன் வாங்குகிற உப்பு புளியிலும் வரி என்று அன்றைக்கு எதிர்ப்பு எழுந்தது. பிறகு நடந்தது தெரிந்ததே. 1971-இல் மதுவிலக்கு ஒத்திவைப்பு, சில ஆண்டுகளில் மறுபடி மூடல், 1981-இல் திறப்பு, 1983-இல் டாஸ்மாக், 2003-இல் சில்லறை விற்பனையும் அரசின் கையில். 2023–24-இல் மட்டும் அதன் வழியாக அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். தொழிலாளியின் கூலியைக் காப்பாற்ற என்று சொல்லித் தொடங்கிய மண்ணிலேயே கதை இப்படித் திரும்பியிருக்கிறது.

ஆனால் இந்த முரணைச் சுட்டிக் காட்டியதோடு திருப்திப்பட்டுக்கொள்வது பட்டிமன்றப் புத்தி என்றே நினைக்கிறேன். விற்கிற அரசும் சோதிக்கிற நிறுவனமும் ஒன்றுக்கொன்று முரண்படுவதாக நாம் நினைக்கிறோம். அவை ஒன்றையொன்று நம்பி வாழ்கின்றன. ஒன்பதே முக்காலுக்கு வரிசையில் நிற்கிற உடல் நுகர்வோரின் உடல். நாலு மணிக்குக் குழாயில் ஊதுகிற உடல் உற்பத்தியின் உடல். இரண்டுக்கும் நடுவில் அசதியில் கிடக்கிற உடல் ஒன்று இருக்கிறதே, அது யாருடைய கணக்கிலும் இல்லை. பரிசோதனை என்பது பார்வையையும் தீர்ப்பையும் ஒரே செயலில் முடிச்சிட்டுவிடுகிறது என்று ஃபூக்கோ 1975-இல் வந்த சிறைச்சாலை குறித்த நூலில் எழுதியது நினைவுக்கு வருகிறது. பள்ளிக்கூடம், பாசறை, மருத்துவமனை என்று அவர் அடுக்குகிற வரிசையில் நம் ஒப்பந்தக்காரரின் ஷெட் வாசலையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கருவியின் பிழைகளைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். 1971-இல் உச்ச நீதிமன்றம் மகாராஷ்டிர மதுவிலக்கு வழக்கொன்றில், வாயில் வாடை வந்தது, நடை தள்ளாடியது என்பதை மட்டும் வைத்து ஒருவர் குடித்திருந்தார் என்று தீர்மானித்துவிட முடியாது, இரத்தச் சோதனை போன்ற சான்று வேண்டும் என்றது. 2025 பிப்ரவரியில் தெற்கு ரயில்வேயின் திருவனந்தபுரம் கோட்டம் என்ஜின் ஓட்டுநர்களுக்கு ஒரு சுற்றறிக்கை விட்டது. வேலைக்குக் கையெழுத்துப் போட வரும்முன் இளநீர், சிலவகை வாழைப்பழம், இருமல் மருந்து, ஓமியோபதி மருந்து இவற்றையெல்லாம் தொடக் கூடாதாம். ஊதினால் கருவி குடிகாரன் என்கிறதாம். எதிர்ப்புக்குப் பிறகு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் பந்தளத்தில் கேரள அரசுப் பேருந்து ஊழியர்கள் சிலர், கனிந்து புளிக்கத் தொடங்கிய பலாச்சுளையைத் தின்றுவிட்டு ஊதி மாட்டிக்கொண்டார்கள். கருவி தவறினால் கருவியை மாற்று என்றுதானே தோன்ற வேண்டும்? இளநீரை விலக்கு என்று தோன்றியிருக்கிறது. (நம்மூர் அரிஷ்டங்கள் தாமாகவே புளித்துச் சாராயம் ஊறியவை. வாயுவுக்கு ஒரு மூடி குடித்துவிட்டு வந்தவன் கதி என்ன என்று எனக்கு ஒரு கவலை.)

வாய்விட்டுச் சிரிக்கலாம், சிரித்தோம். ஆனால் இந்தக் கதைகளை நாம் ஆசையோடு திரும்பத் திரும்பச் சொல்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அவற்றில் வருகிறவர்கள் குற்றமற்றவர்கள். இளநீர் குடித்தவனுக்காகப் போராடுவது சுலபம். கோட்டர் குடித்தவனுக்கு என்ன செய்வது? துண்டறிக்கையில் அந்தப் 'பொய்' என்கிற சொல் ஏன் தேவைப்பட்டது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. சங்கத்தின் மனச்சாட்சியும் நிறுவனத்தின் மனச்சாட்சியும் ஒரே அறச் சட்டகத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன: குடித்தவன் என்றால் போகட்டும், குடிக்காதவன் என்றால் காப்பாற்று.

குடியைப் பற்றிய நம் சொல்லாடல் முழுவதுமே இப்படித்தான் இருக்கிறது. திருக்குறளில் கள்ளுண்ணாமை 93-ஆம் அதிகாரம், மருந்து 95-ஆம் அதிகாரம். நடுவில் நிற்பது சூது. பொருட்பாலில் இவ்வளவு பக்கத்தில் வைக்கப்பட்ட குடியையும் நோயையும் மேடையில் யாரும் சேர்த்துப் படிப்பதில்லை. நோய்க்கு மூலம் எது என்று தேடச் சொல்கிற மருந்து அதிகாரத்தைப் பேச்சாளர் மருத்துவமனைத் திறப்பு விழாவுக்கு ஒதுக்கிவிடுகிறார். தகடூர் அதியமானின் பெருமை பேசுகிற எங்கள் ஊர் மேடைகளோ, அவன் இறந்தபின் ஒளவை அவனோடு கள்ளைப் பகிர்ந்துகொண்டதை நினைத்துப் பாடியதைச் சொல்லாமல் தாண்டிவிடும். நவீன இலக்கியக்காரர்களாகிய நாமும் பெரிதாகக் கிழித்துவிடவில்லை. நம் கதைகளில் குடிக்கிற தொழிலாளி ஒன்று பெண்டாட்டியை அடிப்பான், இல்லை தத்துவம் பேசுவான். அவன் எத்தனை மணிக்கு வேலையிலிருந்து வந்தான் என்று எழுதியவர்கள் குறைவு. நம்முடைய இலக்கியச் சந்திப்புகளின் இரவுகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மறுநாள் காலை அமர்வில் கட்டுரை வாசிக்கும்முன் யாரும் நம்மை ஊதச் சொன்னதில்லை.

வேலையையும் நோயையும் சேர்த்து வாசிக்கச் சொன்ன ஒருவர் மருத்துவத்தில் இருந்தார். இத்தாலியில் பெர்னார்தினோ ராமசினி. தொழிலாளர் நோய்கள் குறித்து 1700-இல் நூல் எழுதியவர். நோயாளியிடம் கேட்க வேண்டிய பழைய கேள்விகளோடு 'நீ என்ன வேலை செய்கிறாய்?' என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளும்படி வைத்தியர்களைக் கேட்டுக்கொண்டார். தொழில்சார் மருத்துவம் என்கிற துறைக்கு அந்த ஒரு கேள்விதான் வித்து. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1985-இல் கொண்டுவந்த 161-ஆம் உடன்படிக்கை அதன் நீட்சி. பணியிட மருத்துவர் முதலாளியிடமிருந்தும் தொழிலாளியிடமிருந்தும் சுதந்திரமாக இருக்க வேண்டும், விடுப்பு எடுத்தவன் உண்மையிலேயே நோயாளியா என்று துப்பறிகிற வேலையை அவர் தலையில் கட்டக் கூடாது என்கிறது அது. அதே அமைப்பு 1996-இல் பணியிடத்தில் மது, போதைப்பொருள் பிரச்சினையைப் பற்றி ஒரு நடைமுறை நெறியை வெளியிட்டது. இதை உடல்நலப் பிரச்சினையாகக் கையாளுங்கள், வேறெந்த நோய்க்கும் உள்ள இரகசியக் காப்பும் சிகிச்சை உரிமையும் இதற்கும் உண்டு என்பது அதன் சாரம்.

உலகம் போன பாதை வேறு. அமெரிக்காவில் 1986-இல் ரீகன் போட்ட ஆணை, கூட்டாட்சி அரசின் ஊழியர்களிடையே சிறுநீர்ச் சோதனையைக் கொண்டுவந்தது. 1987 ஜனவரியில் மேரிலாந்தில் நடந்த ரயில் விபத்தில் பதினாறு பேர் செத்தார்கள். என்ஜின் ஓட்டியவர் கஞ்சா புகைத்திருந்தது தெரியவந்ததும், சோதனைக்கு எதிராகப் பேச யாருக்கும் வாய் இல்லாமல் போயிற்று. ஊதுவதற்கும் சிறுநீர் கொடுப்பதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மூச்சு இப்போதைய நிலையைச் சொல்லும். கஞ்சாவுக்கான சிறுநீர்ச் சோதனையோ போதை தெளிந்து பல நாள், சிலருக்கு வாரக்கணக்கில் ஆன பிறகும் 'ஆம்' என்று சொல்லும். அது வேலை நேரத்தை வாசிப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமையை வாசிக்கிறது. இங்கே விமானிகளுக்கு 2022 ஜனவரி 31 முதல் அப்படியான சோதனை வந்திருக்கிறது. விமானத்தில் வருவது பிறகு பேருந்துக்கும் வரும்.

மருத்துவர் இதில் எங்கே நிற்கிறார்? அவர் சம்பளம் நிர்வாகத்திடமிருந்து, நோயாளி தொழிலாளி. காலையில் குழாயை நீட்டிச் சான்றொப்பமிடுகிற கையிடம், மத்தியானம் போய் 'டாக்டர், ராத்திரியானா குடிக்காம இருக்க முடியல' என்று எவன் சொல்வான்? மருந்தறை சாட்சிக் கூண்டாகிவிட்டால் அங்கே நோய் நுழையாது. மாமாவின் விஷயத்தில் மருத்துவரே இல்லை. ஊதச் சொன்னவர் செக்யூரிட்டி.

இதே மாவட்டத்துக் கல் குவாரியையும் கிரானைட் மெருகேற்றும் பட்டறைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். நுரையீரலில் கல்தூசி படிந்து வருகிற சிலிக்கோசிஸ், 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையிலேயே இருந்த நோய். பார்க்கிற மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்பது 89-ஆம் பிரிவு. அங்கேயும் ஒரு மூச்சு இருக்கிறது, அதையும் அளக்கலாம். அளந்தால் குற்றவாளி ஊதுகிறவன் அல்ல, ஊதச் சொல்கிறவன் என்று வந்துவிடும். தூசிக்கும் உடம்பு வலிக்கும் என்று சொல்லிக் குடிக்கிறவர்களை நான் அங்கே பார்த்திருக்கிறேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தில் செத்த அறுபதுக்கும் மேற்பட்டவர்களில் கூலி வேலைக்காரர்கள் எத்தனை பேர் என்பதையும் இதோடு சேர்த்து யோசிக்கலாம்.

இவ்வளவும் சொன்னதற்குச் சங்கத் தோழர் ஒருவர் திருப்பிக் கேட்டார்: "எல்லாம் சரிங்க. நாளைக்கி அவன் வண்டிய கவுத்தா? அம்பது பேரு உசுரு." சரியான கேள்விதான். தொப்பூர்க் கணவாயைத் தினமும் பார்க்கிற ஊரில் இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. 2020 டிசம்பர் 12 அன்று இறக்கத்தில் வந்த ஒரு லாரி வரிசையாக நின்ற வண்டிகளின்மேல் ஏறியது யாருக்கும் மறக்கவில்லை. (அங்கே விபத்து என்றதும் டீக்கடையில் வருகிற முதல் கேள்வி 'டிரைவர் குடிச்சிருந்தானா?' என்பதுதான். சாலையின் சரிவைப் பற்றிய கேள்வி எப்போதுமே இரண்டாவதாகத்தான் வரும்.) மாமியும் கருவியின் பக்கம்தான். "அந்த மெசினக் கொண்டாந்து எங்கூட்டு வாசல்ல வையுங்க" என்றார். 1992-இல் நெல்லூரில் துபகுண்டாப் பெண்கள் சாராயக் கடையை மூட வைத்துத் தொடங்கிய போராட்டம் ஆந்திரம் முழுக்கப் பரவியதைப் படித்தவன் நான். மாமியின் சொல்லுக்கு எதிராக ஃபூக்கோவை நிறுத்துகிற தைரியம் எனக்கு இல்லை.

எனவே ஊதட்டும். 60 இருந்தால் அன்றைக்குச் சாவி கொடுக்க வேண்டாம். நான் கேட்பது அதற்கு அடுத்த நிமிடத்தைப் பற்றி. அந்தச் சீட்டு ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புக்குப் போகிறதா, மருத்துவரிடம் போகிறதா? நேற்று எத்தனை மணிக்கு வண்டியை விட்டாய் என்ற கேள்வி அதே வாசலில், அதே சீட்டில் இடம்பெறுமா? பழைய சட்டங்களை எல்லாம் தனக்குள் சேர்த்துக்கொண்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பணியிடப் பாதுகாப்பு, உடல்நலத் தொகுப்புச் சட்டம், வரையறுக்கப்பட்ட தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவச மருத்துவச் சோதனையை முதலாளியின் கடமை ஆக்கியிருக்கிறது. வரவேற்கலாம். இரத்தம் எடுப்பார்கள், ஈரல் எண்கள் வரும். அந்தத் தாளை முதலில் யார் பார்ப்பார்கள்? சங்கங்கள் இப்போதே பேசி எழுதி வாங்க வேண்டியது இதை.

துண்டறிக்கையில் 'பொய்க் குற்றம் சாட்டி' என்பதை அடித்துவிட்டு, 'ஏழு மணி நேர இடைவெளியில் மீண்டும் வேலைக்கு அழைத்து, ஊதச் சொல்லி, மருத்துவரிடம் அனுப்பாமல்' என்று எழுதிக் கொடுத்தேன். ஓட்டுநர் குடித்திருந்தார் என்பதையும் ஒளிக்காமல் ஒரு வரி சேர்த்தேன். தோழர்கள் வாசித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "இது கட்டுரை மாதிரி இருக்குதுங்க" என்றார் ஒருவர். இன்னொருவர், "ஒத்துக்கிட்டமாதிரி ஆயிடும்" என்றார். மாமா மட்டும், "மாப்ள எழுதுனது இருக்கட்டும்" என்றார், ரொம்பவும் மெதுவாக.

அச்சாகி வந்ததில் 'பொய்' அப்படியே இருந்தது. ஏழு மணி நேரத்தைப் பற்றிய தொடரை மட்டும் கடைசிப் பத்தியில், கோரிக்கைகளுக்குக் கீழே, சின்ன எழுத்தில் சேர்த்திருந்தார்கள். மாமா இப்போது கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கல் லாரி ஓட்டுகிறார். அங்கே ஊதச் சொல்வதில்லையாம். எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். "ரெண்டு மணி" என்றார்.